லீவு முடிந்து 41 நாள் தாமதம்: என் கணவரின் வேலை போய்விடுமா?

(பெயர், ஊர், படைப்பிரிவு விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சுருக்கத்தைத் தருகிறேன்.)

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பலகாரம் செய்து கொடுக்கும் ஒரு வீட்டில் மணகோலமும் சீப்புச் சீடையும் சுடும் வேலைக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள். கணவர் ராணுவத்தில் நாயக் (சிப்பாய்க்கு மேலே, ஹவில்தாருக்குக் கீழே உள்ள பதவி). 14 ஆண்டு சர்வீஸ் முடிந்துவிட்டது. இன்னும் சில மாதங்களில் 15 ஆண்டு நிறையும். 30 நாள் லீவில் ஊருக்கு வந்தவர் திரும்பக் கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது, கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்க்கும் அவருடைய தாயார், வளவை (வீட்டின் உள்முற்றத்தை) கழுவிவிடும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. அறுவை சிகிச்சை, பிறகு தையல் போட்ட இடத்தில் சீழ், மறுபடியும் ஆஸ்பத்திரி. மாமனார் இல்லை. கொழுந்தன் சிங்கப்பூரில் இருக்கிறார். கணவர் தன் சுபேதாருக்குப் போன் செய்து லீவை நீட்டித்துத் தரும்படி கேட்டார். "பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைத்தது.

இப்படியே நாள் ஓடியது. லீவு முடிந்த 33ஆம் நாள், யூனிட்டிலிருந்து வந்த கடிதத்தோடு உள்ளூர் போலீஸார் வீட்டுக்கு வந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அதற்கடுத்த வாரம் கணவர் பல்லவனில் சென்னை போய், அங்கிருந்து வடக்கே ரயிலேறி, 41ஆம் நாள் தானாக யூனிட்டில் போய் நின்றார். இப்போது அவர் காவலில் இருக்கிறார். சாட்சியங்களை எழுதி முடித்துவிட்டார்கள். "சம்மரி கோர்ட் மார்ஷல் வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள்; கட்டளை அதிகாரி ஒருவரே நடத்தும் ராணுவ விசாரணை அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சில நிமிடம் போனில் பேசுகிறார்.

சகோதரியின் குழப்பம், சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்வதால் கூடியிருக்கிறது. தேவகோட்டையில் இருக்கும் தாய்மாமா, ஓய்வுபெற்ற ஹவில்தார், "குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல், 28 நாளோடு போகும், வக்கீல் என்று பேசினால் சி.ஓ. சாகிப்புக்கு (கட்டளை அதிகாரிக்கு) கோபம் வரும்" என்கிறார். இன்னொருவர், மிலிட்டரிக் கோர்ட்டுக்கு மேலே கோர்ட்டே கிடையாது என்கிறார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் முன்ஜாமீன் வாங்கலாம் என்கிறார் மூன்றாமவர். கொழுந்தன் நடந்ததையெல்லாம் பேஸ்புக்கில் எழுதப்போவதாகச் சொல்கிறார். "ராணுவச் சட்டத்தை மாற்றப்போகிறார்களாமே, அதுவரை இழுத்தடிக்க முடியாதா?" என்று கடிதம் முடிகிறது.

இனி உங்களிடம் பேசுகிறேன், சகோதரி.

உங்கள் கணவர் தானாகத் திரும்பிப் போனார். இந்த வழக்கில் உங்கள் பக்கம் இருக்கும் மிகப் பெரிய பலம் அதுதான். போலீஸ் வீடு தேடி வந்ததை நினைத்துக் குமுறியிருக்கிறீர்கள். அவர்கள் சட்டத்தை மீறி வரவில்லை. ராணுவச் சட்டம் 1950இன் 105ஆம் பிரிவின்படி யூனிட் எழுதிக் கேட்டால் உள்ளூர் அதிகாரிகள் உதவவேண்டும். ஆனால் அன்று தெருவில் யாரோ சொன்ன "ஓடிப்போன பட்டாளத்துக்காரன்" என்ற பழியை நீங்கள் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். சட்டமே அப்படிச் சொல்லவில்லை.

வராமல் இருந்ததும் ஓடிப்போனதும்

38ஆம் பிரிவு படையை விட்டு ஓடுவதைப் பற்றியது. போர்க்கால அல்லது களப் பணியில் இருக்கும்போது ஓடினால் மரண தண்டனைவரை போகலாம். மற்ற நேரத்தில் ஏழு ஆண்டுவரை சிறை. 39ஆம் பிரிவு அனுமதியின்றி வராமல் இருப்பதையும் லீவுக்கு மேல் தங்குவதையும் பற்றியது. உச்சத் தண்டனை மூன்று ஆண்டு. இரண்டையும் பிரிப்பது, திரும்பக் கூடாது என்ற எண்ணம் இருந்ததா என்பதே. கேப்டன் வீரேந்திர குமார் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 30 நாள் கடந்ததும் 106ஆம் பிரிவின்படி விசாரணை வைத்து, "வரவில்லை" என்று அறிவித்துப் பதிவு செய்வார்கள். அதற்குப் பிறகும் ஆள் சரணடையாமலும் பிடிபடாமலும் இருந்தால்தான் ஓடிப்போனவராகக் கருதப்படுவார். உங்கள் கணவர் தானாகப் போய் நின்றுவிட்டார். குற்றச்சாட்டுத் தாள் கைக்கு வந்ததும் முதலில் அதில் எந்தப் பிரிவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 38 என்றிருந்தால் எனக்கு உடனே தெரிவியுங்கள். அப்போது நான் இங்கே சொல்வதில் சிலவற்றை மாற்றிச் சொல்லவேண்டியிருக்கும்.

39ஆம் பிரிவிலேயே உங்களுக்குச் சாதகமான ஒரு நிபந்தனை இருக்கிறது. லீவுக்கு மேல் தங்குவது "போதுமான காரணமின்றி" இருந்தால்தான் குற்றம். போதுமான காரணம் இருந்ததென்று காட்டிவிட்டால் குற்றமே இல்லை. தாய்க்கு உடம்பு சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த அதிகாரியும் விட்டுவிடமாட்டார். அந்த நம்பிக்கையை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லையா, யூனிட்டுக்குச் சொன்னாரா, நிலைமை தேறியதும் கிளம்பினாரா என்ற கேள்விகளை அவர்கள் கேட்பார்கள். அதற்கான பதில்கள் அங்கே காவலில் இருக்கும் உங்கள் கணவர் கையில் இல்லை. எல்லாம் ஊரில் உங்கள் கையில் இருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதி, அறுவை சிகிச்சைத் தேதி, மறுபடி சேர்த்த தேதி எல்லாம் உள்ள டிஸ்சார்ஜ் தாள்களை வாங்குங்கள். "கூட ஒருவர் இருந்தே ஆகவேண்டிய நிலை" என்று மருத்துவர் எழுதித் தந்தால் அது பத்துப் பக்க மனுவுக்குச் சமம். கொழுந்தன் அந்த நாட்களில் சிங்கப்பூரில்தான் இருந்தார் என்பதற்கு அவருடைய பாஸ்போர்ட் பக்கங்களின் நகல் வேண்டும். சுபேதாருக்குப் போன அழைப்புகளும் வாட்ஸ்அப் செய்திகளும் உள்ள போனை யாரிடமும் கொடுக்காதீர்கள், அதில் எதையும் அழிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் கோர்ட் மார்ஷலுக்கும் பொருந்தும். போனில் உள்ளதை அச்செடுத்துக் கொடுக்கும்போது அதன் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணைக்கவேண்டும். அதில் ஒரு நிபுணரின் கையெழுத்தும் வேண்டும்; உள்ளூர் வக்கீல் ஒருவர் தயார் செய்ய உதவுவார்.

மாமா சொல்லும் 28 நாள்

உங்கள் மாமா பொய் சொல்லவில்லை. 80ஆம் பிரிவின்படி கட்டளை அதிகாரி சிறு குற்றங்களைக் கோர்ட் மார்ஷல் இல்லாமலே முடிக்கலாம். அதில் 28 நாள்வரை காவல் (சிப்பாய்களுக்கு மட்டும்; நாயக் பதவியில் இருப்பவருக்கு அதை விதிக்க முடியாது), மாதத்தில் 14 நாள்வரை சம்பளப் பிடித்தம் போன்ற தண்டனைகள்தான் உண்டு. வேலையை விட்டு நீக்க முடியாது. மாமா தன் சர்வீஸில் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் கணவருக்கு வரப்போவதாகச் சொல்லியிருப்பது வேறு. சம்மரி கோர்ட் மார்ஷலில், லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ உள்ள கட்டளை அதிகாரி ஓராண்டுவரை சிறை விதிக்கலாம், பதவியைக் குறைக்கலாம், பணிநீக்கமும் செய்யலாம். ஒப்புக்கொண்டால் 28 நாளோடு போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒப்புக்கொண்டுவிட்டுப் பணிநீக்க உத்தரவோடு ஊர் திரும்பியவர்களின் வழக்குகள் ஆயுதப்படைத் தீர்ப்பாயங்களில் நிறைய இருக்கின்றன.

ஒப்புக்கொள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணமே இல்லாமல் தங்கியவர் ஒப்புக்கொண்டு இரக்கம் கேட்பது சரியான வழிதான். உங்கள் கணவருக்குக் காரணம் இருந்தது; "போதுமான காரணமின்றித் தங்கினேன்" என்பதை ஏற்றுக்கொண்டால் அந்தக் காரணத்தைத் தானே குப்பையில் போட்டதாகிவிடும். தேதிகளை மறுக்கவேண்டியதில்லை. "41 நாள் தங்கினேன், உண்மை, காரணம் இது, ஆதாரம் இது, குற்றமில்லை என்று வாதிடுகிறேன்" என்று பணிவாகச் சொல்லலாம். பணிவாகச் சொல்வதற்கு எந்தப் பட்டாளத்திலும் தடை இல்லை.

ஒருவேளை பயத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டாலும் கதவு மூடிவிடாது. ராணுவ விதிகள் 1954இன் 115ஆம் விதிப்படி, ஒப்புதலைப் பதிவு செய்யும் முன் குற்றச்சாட்டின் தன்மையையும் ஒப்புக்கொள்வதால் வரும் விளைவையும் விளக்கவேண்டும். அப்படி விளக்கியதாகப் பதிவும் செய்யவேண்டும். பிறகு அவர் சொல்வதிலிருந்து, புரியாமல் ஒப்புக்கொண்டார் என்று தெரிந்தால் பதிவைத் திருத்தி, மறுத்ததாகவே எடுத்துக்கொண்டு விசாரிக்கவேண்டும் என்றும் விதி இருக்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படைவீரர் ஜோகேஷ்வர் ஸ்வைன் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம், அவருடைய கையெழுத்தே இல்லாத ஒப்புதலை நம்ப மறுத்து, பணிநீக்கம் ரத்தானதை உறுதி செய்தது. அந்தப் படையின் சட்டம் வேறென்றாலும் விதியின் நோக்கம் ஒன்றுதான். ஆகவே, படித்துப் புரியாத எந்தத் தாளிலும், அது இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் விளக்கிச் சொல்லும்வரை, அவர் கையெழுத்துப் போடவேண்டாம்.

வக்கீல் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல. சம்மரி கோர்ட் மார்ஷலில் கட்டளை அதிகாரி ஒருவரே முழு நீதிமன்றம். கூடவே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குச் சத்தியப் பிரமாணமும் இல்லை, தீர்ப்பில் பங்கும் இல்லை. 129ஆம் விதியின்படி உங்கள் கணவர் ஒரு துணைவரை வைத்துக்கொள்ளலாம். அவர் வக்கீலாகவும் இருக்கலாம், யூனிட்டில் நம்பிக்கையான வேறு ஒருவராகவும் இருக்கலாம். அந்தத் துணைவர் காதில் ஆலோசனை சொல்லலாம், சாட்சியிடம் கேட்கவேண்டிய கேள்வியை எழுதிக் கொடுக்கலாம். தானே எழுந்து கேட்கவோ வாதாடவோ முடியாது. கேட்கவேண்டியவர் உங்கள் கணவர்தான். இங்கிருந்து வடக்கே வக்கீலை அனுப்ப நகையை அடகு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்தப் பணத்தை மேல்முறையீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுபேதாரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை இங்குள்ள ஒரு வக்கீலிடம் எழுதி வாங்கி அனுப்பினால் போதும். முக்கியமான கேள்வி, "நான் போன் செய்தது உண்மையா, என்ன பதில் சொன்னீர்கள்?" என்பதுதான்.

குற்றச்சாட்டைக் கையில் கொடுத்ததற்கும் விசாரணை தொடங்குவதற்கும் இடையே குறைந்தது 96 மணி நேரம் இருக்கவேண்டும். களப்பணிப் பகுதி என்றால் 24 மணி நேரம். அந்த இடைவெளிக்குள் ஆதாரங்கள் அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். அதனால்தான் இன்றே தொடங்குங்கள் என்கிறேன்.

எழுத்தில் அவர் இரண்டு வேண்டுகோள்களை வைக்கலாம். முதலாவது, இதை 80ஆம் பிரிவிலேயே முடித்துவைக்கும்படி கேட்பது. 14 ஆண்டு சர்வீஸ், தானாகத் திரும்பியது, மருத்துவ ஆதாரம் ஆகியவை அதற்கு நியாயம் சேர்க்கும். இரண்டாவது, அது முடியாதென்றால் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல் கேட்பது. அதில் குறைந்தது மூன்று அதிகாரிகள் இருப்பார்கள், வக்கீல் எழுந்து வாதாடலாம், தீர்ப்பை மேலிடம் உறுதி செய்தாகவேண்டும். அங்கே சிறைத் தண்டனையின் உச்சம் இரண்டு ஆண்டு என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கு ஆதாரங்களை நம்பி நிற்பது. ஆதாரத்தை எடுத்துச் சொல்ல ஒரு வாய் இருக்கும் இடம் நல்லது என்பது என் எண்ணம். இவற்றை ஏற்கவேண்டிய கட்டாயம் கட்டளை அதிகாரிக்கு இல்லை. ஆனால் விஷவ் பிரியா சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், சம்மரி கோர்ட் மார்ஷல் விதிவிலக்கான வழி, உடனடி நடவடிக்கைக்கு ஏன் தேவை வந்தது என்பதற்குக் காரணம் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. தானாக வந்து காவலில் இருக்கும் ஒருவருக்கு அவ்வளவு அவசரம் என்ன என்று பின்னால் கேட்பதற்கு, இன்று எழுதிக் கொடுக்கும் வேண்டுகோள் ஆதாரமாகும்.

ஓய்வூதியம்

நீங்கள் தூக்கமில்லாமல் தவிப்பது இதற்காகத்தான் என்று தெரிகிறது. சிப்பாய் முதல் ஹவில்தார் வரையுள்ளவர்களுக்கு ஓய்வூதியத்துக்கு 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும். பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு முந்தைய சர்வீஸ் முழுவதற்கும் ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது என்பது பொது விதி; விதிவிலக்காக வழங்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது, அதை எதிர்பார்த்துக் குடும்பம் நடத்த முடியாது. வராத 41 நாளுக்குச் சம்பளம் வராது, அதை இப்போதே கணக்கில் கழித்துவிடுங்கள். சில மாதத்தில் ஓய்வூதியத் தகுதி பெறப்போகிறவரை இந்தக் காரணத்துக்காகப் பணிநீக்கம் செய்வது குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை என்பதை மனுவின் ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லவேண்டும்.

அப்படிச் சொல்வதற்கு வலுவான முன்னுதாரணம் இருக்கிறது. சிக்னல்மேன் ரஞ்சித் தாக்கூர், தன் மேலதிகாரியைப் பற்றி நேரடியாக மேலிடத்துக்கு மனு அனுப்பியதற்காகக் காவலில் இருந்தபோது, 1985 மே மாதம், சாப்பிடும்படி இட்ட உத்தரவை மறுத்தார். சம்மரி கோர்ட் மார்ஷல் அவருக்கு ஓராண்டு கடுங்காவலும் பணிநீக்கமும் விதித்தது. அவர் யார்மேல் புகார் சொல்லியிருந்தாரோ அந்த அதிகாரியே விசாரணையில் உட்கார்ந்திருந்தார். 1987இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பாரபட்சம் ஒரு காரணம். செய்ததற்கும் தண்டனைக்கும் கொஞ்சமும் பொருத்தமில்லை என்பது மற்றொன்று. உங்கள் கணவர் இளம் வயதில் வாங்கிய ஒரு சிவப்பு மைப் பதிவைப் (பணிக்குறிப்பில் ஏறும் கடுமையான தண்டனைப் பதிவு) பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015இல், நான்கு பதிவு இருந்தால்கூடத் தானாக வெளியேற்ற முடியாது, நீண்ட சர்வீஸையும் கடினமான இடங்களில் பணியாற்றியதையும் பார்க்கவேண்டும் என்று சொல்லப்பட்டது. ஒரு பதிவுக்காக அஞ்சவேண்டாம்.

மேலே கோர்ட் இருக்கிறது

மேலே எதுவும் கிடையாது என்று சொன்னவர் பழைய நிலையைச் சொல்லியிருக்கிறார். தண்டனை வந்தால் 162ஆம் பிரிவின்படி கோப்பு மேல் அதிகாரிக்குப் போகும். அவர் ரத்து செய்யலாம், குறைக்கலாம். 164ஆம் பிரிவின்படி ராணுவத் தலைமைத் தளபதிக்கும் மத்திய அரசுக்கும் மனு உண்டு. அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பணிநீக்கமானவர், தான் குடியிருக்கும் பகுதியின் அமர்விலேயே மனுப்போட விதி அனுமதிக்கிறது. டெல்லிக்கோ வடக்கிலுள்ள வேறு ஊருக்கோ அலையவேண்டாம். தீர்ப்பாயம் ஜாமீன் கொடுக்கலாம், தண்டனையைக் குறைக்கலாம், தீர்ப்பையே ரத்து செய்யலாம். அதன் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதை 2023இல் பரஷோத்தம் தாஸ் வழக்கு உறுதிப்படுத்தியது. விசாரணை முடிந்த அன்றே நடவடிக்கைகளின் நகல் வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்கவேண்டும். அது அவர் உரிமை.

ஓர் ஓட்டையைச் சொல்லியாகவேண்டும். சம்மரி கோர்ட் மார்ஷலின் தண்டனை பணிநீக்கமாகவோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையாகவோ இருந்தால்தான் தீர்ப்பாயம் விசாரிக்கும். பதவிக் குறைப்போ இரண்டு மாதச் சிறையோ என்றால் அது கைவிரித்துவிடும். அப்போது அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம்தான் வழி. முன்ஜாமீனுக்காக இப்போது மதுரைக் கிளைக்குப் போவதில் பயனில்லை. அவர் ஏற்கெனவே ராணுவச் சட்டத்தின் காவலில் இருக்கிறார். இன்னும் தொடங்காத விசாரணையை உயர் நீதிமன்றம் நிறுத்துவதும் அரிது.

சட்டம் மாறும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க முடியாது, சகோதரி. உங்கள் கேள்வி நியாயமானது, ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்றைய ராணுவச் சட்டம் 1950இல் வந்தது என்றாலும், அதன் எலும்புக்கூடு 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் இந்திய ராணுவச் சட்டத்துடையது. ஒரே அதிகாரி குற்றம் சாட்டி, விசாரித்து, தண்டித்து, அன்றே நிறைவேற்றும் சம்மரி கோர்ட் மார்ஷல் அதற்கும் பழையது. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களைக் கட்டுக்குள் வைக்க வந்தது. நம் விமானப்படைச் சட்டத்தில் அது கிடையாது. ராணுவத்திலும் அதிகாரிகளையும், சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகளையும் அதில் விசாரிக்க முடியாது. ஒரு மேஜர் லீவுக்கு மேல் தங்கினால் அவருக்குப் பல அதிகாரிகள் உட்கார்ந்த நீதிமன்றமும், எழுந்து பேசும் வக்கீலும் உண்டு. அதே தவற்றுக்கு ஒரு நாயக் தன் சி.ஓ. முன்னால் தனியாக நின்று, தானே குறுக்கு விசாரணை செய்யவேண்டும். ஓய்வூதியம் போனால் யாருடைய வீட்டு அடுப்பு முதலில் அணையுமோ, அவருக்குத்தான் சட்டம் குறைந்த பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. ஒழுங்கு இல்லாமல் படை இல்லை என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். களத்தில் உடனடித் தண்டனைக்குத் தேவை வரலாம் என்பதையும் ஏற்கிறேன். அமைதிக்காலத்தில், முகாமில், வாரக்கணக்கில் காவலில் வைத்து விசாரிக்க நேரம் இருக்கும்போது இந்த வழி எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு இதுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

மாற்றம் வராமலும் இல்லை. ராணுவத் தீர்ப்பின்மேல் ஒரு மேல்முறையீடுகூட இல்லாதது பெருங்குறை என்று லெப்டினன்ட் கர்னல் பிரிதிபால் சிங் பேடி வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் எழுதியது. 1999இல் சட்ட ஆணையம் தன் 169ஆவது அறிக்கையில் முப்படைச் சட்டங்களின் திருத்தத்தைப் பற்றிப் பரிந்துரைத்தது. தீர்ப்பாயச் சட்டம் 2007இல் நிறைவேறி, 2009 ஆகஸ்டில் தீர்ப்பாயம் தொடங்கியது. நீதிமன்றம் குறையைச் சுட்டிக்காட்டியதிலிருந்து 27 ஆண்டு. அப்போதும் நான் மேலே சொன்ன மூன்று மாத ஓட்டையை விட்டுவைத்தார்கள். நீங்கள் கேள்விப்பட்ட "புதிய சட்டம்" 2023இல் வந்த முப்படை அமைப்புகளுக்கான கட்டளை, ஒழுங்குச் சட்டமாக இருக்கலாம். கூட்டு அமைப்பின் தலைமை அதிகாரி மூன்று படையினர்மேலும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அது வழி செய்கிறது; விசாரணை நடக்கும் முறையை அது தொடவில்லை. உங்கள் கணவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

இங்கிலாந்தில் ஃபின்லே என்ற படைவீரரின் வழக்கில் 1997இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், தனக்குக் கீழுள்ளவர்களையே நீதிபதிகளாக நியமித்துத் தீர்ப்பையும் தானே உறுதி செய்யும் அதிகாரி இருக்கும் இடத்தில் நியாயமான விசாரணை இல்லை என்றது. அங்கே இன்று கட்டளை அதிகாரியின் சிறு விசாரணையை ஏற்க விரும்பாத வீரர், முழுக் கோர்ட் மார்ஷலைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படித் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஒரு நாயக்குக்கும் சிப்பாய்க்கும் இங்கே கொடுக்கவேண்டும். துணைவர் வாய் திறந்து பேசவேண்டும். தீர்ப்புக்குக் காரணம் எழுதவேண்டும். கோர்ட் மார்ஷல் காரணம் எழுதவேண்டியதில்லை என்று 1990இல் எஸ்.என். முகர்ஜி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது அன்றைய சட்டத்தை வைத்துத்தான். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்குத் தடை ஏதும் இல்லை. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனைவியாக நீங்கள் இதை எழுதலாம். வழக்கு முடிந்த பிறகு எழுதுங்கள்.

இப்போது செய்யவேண்டியவை

கொழுந்தனிடம் பேஸ்புக் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். யூனிட் இருக்கும் இடத்தைப் பற்றி ஒரு வரி தவறி எழுதினாலும் புதிய வழக்கு வரலாம், அதிகாரிகளின் மனமும் கசக்கும். உங்கள் கணவரும் படிநிலையைத் தாண்டி நேரடியாக எவருக்கும் மனு அனுப்பவேண்டாம். ரஞ்சித் தாக்கூர் முதலில் மாட்டியதே அதில்தான். நீங்கள் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர் அல்ல. மாமியாரின் மருத்துவத் தாள்களை இணைத்துக் கட்டளை அதிகாரிக்கு மரியாதையோடு தமிழிலேயே ஒரு கடிதம் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இதை மாமாவிடம் காட்டி அவரையே பக்கத்தில் வைத்து எழுதுங்கள். யூனிட்டுக்கு எப்படி எழுதவேண்டும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

சட்ட உதவிக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி தருகிறது. உங்கள் வட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவிடம் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள். சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் உதவும். வீரர் குடும்பங்களுக்கென்று 2025இல் தொடங்கிய தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் திட்டத்தைக் குறிப்பிட்டு அங்கே கேளுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை போனில் நேரம் குறைவாக இருக்கும். குற்றச்சாட்டில் எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள். ஆதாரங்கள் வரும்வரை ஒப்புக்கொள்ளவேண்டாம் என்று சொல்லுங்கள். 80ஆம் பிரிவுக்கான வேண்டுகோளை எழுத்தில் கொடுத்து, கொடுத்த தேதியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். சாட்சியச் சுருக்கத்தின் (அங்கே எழுதி முடித்த சாட்சியங்களின்) நகலை அவர் வாங்கி அனுப்பியதும் எனக்கு அனுப்பிவையுங்கள். அதைப் பார்க்காமல் மேல்முறையீட்டு மனுவை வரையத் தொடங்க முடியாது.